பெட்டியைத் திறப்போம்

"சோற்றுக்கே திண்டாடும் நாட்டில் சத்தப்பெட்டி செய்வதற்கு இப்போது என்ன அவசரம்?" என்று நண்பர் ஒருவர் நம்மைக் கேட்டார். கேட்டவர் பிற்போக்குவாதி அல்லர். தொழிற்சங்க மேடைகளில் நம்மோடு நின்றவர். ஆகவே அவரது கேள்வியை உதறித் தள்ளிவிட்டுப் போக நமக்கு உரிமை இல்லை. மறுமொழி சொல்லவே இதனை எழுதுகிறோம்.

அவர் 'சத்தப்பெட்டி' என்று ஏளனம் செய்த பொருள் இன்னதென்று முதலிலே கூறிவிடுகிறோம். கொச்சிக்கடையில், துறைமுகத்துப் பாரந்தூக்கிகளின் இரைச்சல் வந்து மோதும் ஒரு மேல்மாடி அறையில், நாமும் உயர்தர வகுப்பு மாணவர் சிலரும் கூடி ஒரு சிந்தசைசர் செய்துவருகிறோம். மின்சாரத்தைக் கொண்டு ஒலியை உண்டாக்கும் வாத்தியம் அது. அதன் உயிர்நிலை ஒரு பழைய ஒலிச்சிப். அமெரிக்காவின் ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட் நிறுவனம் 1978இல் வெளியிட்ட ஏ.வை.-3-8910 என்பது அதன் பெயர். கறுப்பு உடலும் நாற்பது கால்களும் கொண்டது. எண்பதுகளில் வீட்டுக் கணினிகளிலும் காசு போட்டு ஆடும் விளையாட்டு யந்திரங்களிலும் பாடியது இதுவும் இதன் உறவுச் சிப்களுமே. இன்று குப்பை என்று கழிக்கப்பட்ட பலகைகளிலிருந்து அதனைக் கழற்றி எடுக்க வேண்டியிருக்கிறது.

குப்பையிலிருந்து வாத்தியமா என்று முகம் சுளிப்போர், இந்நகரின் வானொலி எங்கிருந்து பிறந்தது என்பதைச் சற்று நினைத்துப் பார்க்கட்டும். கொச்சிக்கடையிலிருந்து நடந்தே போகக்கூடிய கோட்டைப் பகுதியில், மத்திய தந்தி நிலையத்தின் ஒரு சிற்றறையிலிருந்து, 1923இல் கிராமபோன் இசை ஆகாயத்தில் ஏறியது. அதனை ஏற்றிய ஒலிபரப்பி எந்தக் கடையிலும் வாங்கப்பட்டதன்று. முதலாம் உலகப் போரில் கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிகளைக் கொண்டு தந்தித் திணைக்களத்தின் பொறியியலாளர்கள் தாமே செய்துகொண்டது. தலைமை தாங்கியவர் எட்வர்ட் ஹார்ப்பர். 1925 டிசம்பரில் முறையான ஒலிபரப்புச் சேவை தொடங்கியது. பிரித்தானியாவில் பி.பி.சி. தோன்றி மூன்றே ஆண்டுகள் கழிந்திருந்தன.

ஹார்ப்பர் ஏகாதிபத்தியத்தின் உத்தியோகத்தர் என்பதை நாம் மறக்கவில்லை. அவர் பெயரை எல்லாரும் சொல்கிறார்கள். அந்த அறையில் கம்பி சுற்றிய, பற்றாசு வைத்த கைகளை யார் சொல்கிறார்கள்? எனினும் உண்மை உண்மையே. போரின் கழிவிலிருந்து, கப்பலை மூழ்கடிக்கச் செய்த கருவியிலிருந்து, பாட்டை எடுத்தது கொழும்பு. நூறாண்டு சென்றபின் அதே கொழும்பு, உடைந்த விசைப்பலகையின் முன் கைகட்டி நிற்கிறது.

மிகைப்படுத்தவில்லை. நாம் அறிந்த ஒரு பாடசாலையில், பெற்றோர் காசு திரட்டி வாங்கிய மின்விசைப்பலகை ஒன்று அலுமாரியில் பூட்டிக் கிடக்கிறது. வந்த மறுவருடமே அது ஊமையாயிற்று. திறந்து பார்க்கலாமா என்று கேட்ட மாணவனுக்கு, "தொடாதே, உத்தரவாதம் போய்விடும்" என்ற பதில் கிடைத்தது. உத்தரவாதக் காலம் முடிந்தபின், "இதற்குப் பாகம் வராது, புதிது வாங்குங்கள்" என்றார்கள். அந்த மாணவன் விஞ்ஞானப் பிரிவில் படிப்பவன். மின்தடை, கொள்ளளவி, மீடிறன் என்பவற்றைப் பற்றி நான்கு பக்கம் எழுதி நல்ல புள்ளி வாங்கியவன். ஆயினும் அவற்றால் ஆன ஒரு பொருளை அவன் வாழ்நாளில் ஒருமுறையேனும் திறந்து பார்க்கவில்லை, திறக்கவிடவும் இல்லை. இதுதான் நம் கல்வி! ஓமின் விதியை மனனம் செய். ஆனால் திருப்புளியைத் தொடாதே!

அந்த மாணவனே இன்று நம் மேல்மாடி அறையில் முதல் ஆளாக வந்து நிற்கிறான். அவன் அங்கே என்ன கற்கிறான் என்று கேளுங்கள்.

8910 சிப்புக்குள் பதினாறு சிறு எண்ணறைகள் உள்ளன. பதிவகங்கள் என்பர். அவற்றில் நாம் எழுதும் எண்களே அதன் பாட்டு. மூன்று சுரக்குரல்கள், ஓர் இரைச்சல் ஊற்று, ஒலியின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் ஆளும் ஓர் அமைப்பு — இவ்வளவே அதன் சொத்து. ஒரு குரலின் மீடிறன் வேண்டுமானால், சிப்புக்கு ஊட்டும் கடிகாரத் துடிப்பைப் பதினாறால் வகுத்து, பதிவகத்தில் உள்ள எண்ணால் மீண்டும் வகுத்தால் போதும். விநாடிக்கு இருபது இலட்சம் துடிப்பு ஊட்டினால், 125,000ஐ வகுப்பதே கணக்கு. 478 என்று எழுதினால் ஏறத்தாழ 261½. 477 என்று எழுதினால் 262. பத்தாம் வகுப்புப் பிள்ளையும் செய்யக்கூடிய வகுத்தல். முதல் நாள் இரவு நம் பெட்டி வாய் திறக்கவில்லை. மறுநாள் மாணவர்களே விவரத்தாளை வரிவரியாகப் படித்து, கடிகாரக் கம்பி வேறொரு காலில் மாட்டப்பட்டிருந்ததைக் கண்டார்கள். மாற்றியதும் கதறியது பெட்டி. அது இனிமையான ஒலி என்று நாம் பொய் சொல்ல மாட்டோம். ஆனால் அவ்வொலி ஏன் எழுந்தது என்பதை அவ்வறையில் இருந்த ஒவ்வொருவரும் அறிந்திருந்தார்கள்.

பழைய சிப்பை நாம் நாடுவதன் காரணம் இதுவே. பழைமை மீதுள்ள மயக்கமன்று. முழுவதையும் ஒரு மனிதன் தன் மனத்தில் வைத்துக்கொள்ளக்கூடிய யந்திரம் அது. இன்றைய கைப்பேசியின் உள்ளிருப்பதை எந்தத் தனி மனிதனாலும் அவ்வாறு அறிய முடியாது.

"கைப்பேசியிலேயே இலவசமாகச் சிந்தசைசர் கிடைக்கிறதே, இந்தப் பாடு எதற்கு?" என்று இளைஞர் சிலர் கேட்கிறார்கள். கிடைக்கிறது, உண்மை. கைப்பேசியில் வாசிக்க வேண்டாம் என்று நாம் எவரையும் தடுக்கவில்லை. ஆனால் அதில் வாசிக்கும் பிள்ளை, செய்தவன் திறந்துவைத்த வாசல்கள் வழியே மாத்திரம் நடக்கிறது. மூடிய வாசல்கள் உண்டென்பதே அதற்குத் தெரியாது. மலிவான தொலைக்காட்சி விளையாட்டுப் பெட்டிகளைப் பிரித்தவர்கள் ஒன்றைக் கண்டிருப்பார்கள். பழையவற்றில் கால்கள் கொண்ட சிப்கள் இருக்கும், கழற்றலாம், மாற்றலாம். பிந்தியவற்றில் எல்லாவற்றையும் ஒன்றாக்கி, மேலே ஒரு துளிக் கறுப்புப் பிசினை ஊற்றிவிட்டார்கள். விலை குறைந்தது, பெயரும் இல்லை, காலும் இல்லை, பழுது பார்க்கவும் இல்லை. வாங்கு, உடைந்தால் எறி, மறுபடி வாங்கு — அந்தக் கறுப்புத் துளி நமக்குப் போதிக்கும் பொருளாதாரம் இதுதான்.

இனி, சங்கீதத்தின் காவலர்களிடம் வருவோம். "மின்பெட்டியில் நம் இசைக்கு இடமேது? தோடியின் காந்தாரத்தை அசைக்க அதனால் இயலுமா?" என்பது அவர்கள் வாதம். கடையில் விற்கும் விசைப்பலகையை வைத்து அவர்கள் பேசினால் வாதம் சரியே. ஒரு தானத்துக்குப் பன்னிரண்டு விசைகள்; இடையில் ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பன்னிரண்டு யாருடைய கட்டளை? சிப்பின் கட்டளையா? அன்று. மேலே கூறிய கணக்கையே பாருங்கள். 261 மீடிறனை அடுத்து மேலேயுள்ள விசை 277. இவ்விரண்டுக்கும் இடையில் 8910 சிப் இருபத்தாறு இடைநிலைகளைப் பாட வல்லது! மேல் ஸ்தாயிகளில் அதன் கைச்சரக்கு குறைகிறது என்பதையும் மறைக்கவில்லை. இரண்டு தானம் மேலே போனால் அந்த இருபத்தாறு ஐந்தாகச் சுருங்கிவிடும். அங்கே கமகம் படிப்படியாகத் துள்ளும். அக்குறையை நீக்கிய சிப்பும் உண்டு. 1981இல் எம்.ஓ.எஸ். டெக்னாலஜி நிறுவனத்தில் பொப் யானெஸ் வடிவமைத்து, 1982இல் கொமடோர் 64 கணினியில் வந்த 'சிட்' சிப், விநாடிக்குப் பத்து இலட்சம் துடிப்பில் ஓடும்போது ஒரு ஹேர்ட்ஸில் பதினாறில் ஒரு பங்கிலும் சிறிய படிகளில் ஏறி இறங்கும். காந்தாரம் அசைவதற்கு இது போதாதா? கமகத்தைப் பூட்டியது விஞ்ஞானம் அன்று, சந்தை. உலகெங்கும் ஒரே பலகையை விற்றால் இலாபம் அதிகம் என்று கண்ட சந்தை.

காவலர்களுக்கு இன்னொன்றும் நினைவூட்டுவோம். ஆர்மோனியத்துக்கு அகில இந்திய வானொலி 1940இல் கதவடைத்தது. 1971இல்தான் அதனைத் தளர்த்தியது. இடைப்பட்ட காலத்தில் மக்கள் ஆர்மோனியத்தை விட்டுவிட்டார்களா? நாடகக் கொட்டகையிலும் பஜனை மடத்திலும் அது பாடிக்கொண்டேதான் இருந்தது. அந்நியப் பிடிலைத் தம் மடியில் கிடத்திப் பழக்கினார் பாலுசுவாமி தீட்சிதர். இன்று பிடில் இல்லாத கச்சேரி உண்டா? பெங்களூரில் புல்லாங்குழல் வாசிப்பவரும் பொறியியலாளருமான ஜி. ராஜ் நாராயண் 1979இல் இலத்திரனியல் சுருதிப்பெட்டியை உருவாக்கினார். மின்பெட்டியை ஏசும் வித்துவான்கள் பலர் இன்று அத்தகைய பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஏசுகிறார்கள்! வாத்தியத்துக்குச் சாதியும் இல்லை, தேசமும் இல்லை. அதனைத் திறந்து தன் தேவைக்குத் திருத்துகிறவனுடைய வாத்தியம் அது.

திருத்தும் அறிவு மக்களிடம் பரவாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இல் ஒரு மூக் சிந்தசைசர் வந்து இறங்கியது. அமெரிக்க இசைஞர் டேவிட் டியூடர் அதனை நிறுவ உதவினார். கீதா சாராபாய் முதலானோர் அதில் துணிவான சோதனைகள் செய்தார்கள். மூன்று நான்கு ஆண்டுகளில் எல்லாம் அடங்கிற்று. ஒலிநாடாக்கள் நிறுவனத்தின் காப்பறையில் பல பத்தாண்டுகள் உறங்கின. இந்நூற்றாண்டில்தான் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தன. அக்கலைஞர்களின் ஆற்றலை நாம் வணங்குகிறோம். ஆனால் விலைமதிப்புள்ள ஒரே யந்திரம், ஒரே சுவருக்குள், ஒரு சிலர் கையில். அதைப் போல இன்னொன்று செய்யத் தெரிந்த நூறு தொழிலாளர் வெளியே இல்லை. ஆகவே அந்த அறை மௌனமானதும் இசையும் மௌனமாயிற்று.

நம் பக்கத்திலும் ஓர் ஆபத்து இருக்கிறது. பழைய சிப்கள் இன்று மேல்நாட்டுச் சேகரிப்பாளரின் அலங்காரப் பொருளாகிவிட்டன. 'சிட்' சிப்பின் விலை ஏறுகிறது. பெயரை அழித்து மறுபெயர் அச்சிட்ட போலிகள் சந்தையில் உலவுகின்றன. அந்தப் பக்திக்கு நாம் தூபம் போடவில்லை. அச்சிப் கிடைக்காவிட்டால் அதன் வேலையைச் செய்யும் சுற்றைப் புதிய பாகங்களால் கட்டலாம், கட்டியும் வருகிறார்கள். அறிவுதான் சொத்து, கறுப்புத் துண்டு அன்று. அந்த அறிவுக்கும் ஒரு காலத்தில் பூட்டுப் போட்டிருந்தார்கள். ஓர் அலையைக் கொண்டு இன்னோர் அலையின் மீடிறனை அசைத்துப் புதுப்புது நாதங்களை உண்டாக்கும் முறையை ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஜோன் சௌனிங் 1967இல் கண்டார். யமஹா நிறுவனத்தின் கைக்கு உரிமம் போயிற்று, 1977இல் காப்புரிமையும் பெறப்பட்டது. 1983இல் அது டி.எக்ஸ்.7 என்ற பெயரில் உலகச் சந்தையை ஆண்டது. அந்தப் பூட்டின் காலம் முடிந்து பல ஆண்டுகள் ஆகின்றன. வாசல் திறந்தே கிடக்கிறது. உள்ளே போகாமல் நிற்பவர்கள் நாம்தாம்.

இப்போது நம் நண்பரின் சோற்றுக் கேள்விக்குத் திரும்புவோம்.

2022இல் இந்நாடு அனுபவித்ததை அவரும் மறந்திருக்க மாட்டார். மார்ச்சில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு. ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று அரசாங்கம் கைவிரித்தது. டொலர் இல்லை, ஆகவே பாகம் இல்லை. அந்நாட்களில் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலும் பஞ்சிகாவத்தையிலும் மக்கள் யாரைத் தேடிப் போனார்கள்? பழுது பார்க்கத் தெரிந்தவனை! பழையதிலிருந்து ஒன்றைக் கழற்றி இன்னொன்றை ஓட வைக்கத் தெரிந்தவனை! சோறு முதலில் என்பதில் நமக்கும் அவருக்கும் பிணக்கில்லை. ஆனால் எல்லாவற்றையும் மூடிய பெட்டியாக வாங்கி, எல்லாவற்றுக்கும் டொலராக விலை கொடுத்துவிட்டு, கடைசியில் சோற்றுக்கும் கையேந்தும் நிலைக்கு வந்தது எதனால் என்று அவர் ஆராயட்டும். சிந்தசைசர் பசி தீர்க்காது. சிந்தசைசர் செய்யும் கை, நீரிறைக்கும் யந்திரத்தையும் திறக்கும். ஆஸ்பத்திரிக் கருவியையும் அஞ்சாமல் அணுகும்.

தவிரவும், பாட்டாளியின் பிள்ளைக்குச் சோறு மாத்திரம் போதும், இசை வேண்டாம் என்று சொல்ல யாருக்கு அதிகாரம்? விலை கொடுத்து வாங்கக் கூடியவனுக்கே வாத்தியம் என்றால், வாங்க இயலாதவனுக்குச் செய்யும் வித்தையையாவது கொடுங்கள்.

அவ்வித்தை நமக்குப் புதிதும் அன்று. பற்றாசு என்ற சொல்லே பொற்கொல்லரின் பட்டறையிலிருந்து வந்தது. நம் அறையிலிருந்து சிறிது தூரத்திலுள்ள செட்டியார் தெருவின் பட்டறைகளில், தலைமுறை தலைமுறையாகத் தீச்சுடரை அளந்து ஊதிப் பொன்னோடு பொன்னைப் பொருத்திய கைகள் உண்டு. அந்தக் கைகளின் பேரப்பிள்ளைகளுக்கு ஈயத்தையும் செம்பையும் பொருத்தத் தெரியாது என்று சொல்வது எவ்வளவு பெரிய அவமதிப்பு!

ஆசிரிய நண்பர்களே! உங்கள் பாடசாலையின் பூட்டிய அலுமாரியில் ஊமையாகிக் கிடக்கும் பெட்டி எதுவும் இருக்கும். மின்னிணைப்பைப் பிடுங்கி, சன்னல்களைத் திறந்து வைத்து, பிள்ளைகள் நடுவில் அதனைக் கொண்டுவந்து வையுங்கள். திருப்புளியை அவர்கள் கையில் கொடுங்கள். சிலது கெடும், கெடட்டும். ஏற்கனவே கெட்டதுதானே! மாணவ நண்பர்களே! கொடுக்காவிட்டால் கேளுங்கள், கேட்டும் கொடுக்காவிட்டால் கொச்சிக்கடைக்கு வாருங்கள். நம் அறையில் பற்றாசுக்கோல் ஒன்றுதான் இருக்கிறது. முறை வைத்துப் பிடிப்போம்.