முதுமரத் தேயிலையும் அதன் விலையும்

தேயிலை என்றவுடன், இடுப்பளவு உயரத்தில் கவாத்துச் செய்யப்பட்ட நீலகிரித் தோட்டங்களே நம் மனத்தில் தோன்றும். அச்செடி இயற்கையில் ஒரு மரம் என்பதைப் பலர் அறியார். சீன தேசத்தின் தென்மேற்கிலுள்ள யுன்னான் மாகாணத்தில், பல நூறு ஆண்டுகள் வளர்ந்த தேயிலை மரங்கள் இன்றும் மலைக்காடுகளில் நிற்கின்றன. குடியானவர்கள் கிளைகளின்மீது ஏறி நின்று கொழுந்து பறிக்கின்றனர்.

இம்மரங்கள் இருவகைப்படும். ஒன்று, தானே முளைத்த காட்டு மரம். மற்றொன்று, முன்னோர் நட்டுக் காட்டு நிழலில் விட்டுவைத்த மரம். முதல்வகையைச் சீன அரசாங்கத்தார் 2021-ஆம் ஆண்டில் பாதுகாப்புக்குரிய தாவரங்களின் பட்டியலிற் சேர்த்தனர். இரண்டாம் வகைக்குச் சிறந்த உதாரணம் ஜிங்மாய் மலை. அங்கே புலாங், தாய் என்னும் மலைக்குடிகள் 10-ஆம் நூற்றாண்டு முதல் காட்டு மரங்களின் நிழலிலேயே தேயிலையைப் பேணி வருகின்றனர். உதிரும் சருகு எருவாகிறது; பறவைகளும் சிலந்திகளும் பூச்சிகளை அடக்குகின்றன. 2023-ஆம் ஆண்டில் இம்மலை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றது.

நிற்க. சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில், அதிக மகசூலை நாடி, வரிசையாக நட்ட தோட்டங்களையே உயர்வாகக் கருதினர். முதுமரங்கள் பல வெட்டிக் குட்டையாக்கப்பட்டன. பின்னர், வெயிலில் உலர்த்தி வில்லையாக அழுத்தப்படும் பூவர் தேயிலைக்கு மோகம் பிறந்தது. முதுமரக் கொழுந்தின் விலை மிக ஏறியது. 2007-ஆம் ஆண்டில் அவ்விலை திடீரென வீழ்ந்து, சரக்கைக் குவித்து வைத்தோர் பெருநஷ்டம் அடைந்தனர். எனினும் முதுமரத்தின் மதிப்பு மறையவில்லை.

இம்மதிப்பே மரத்திற்குச் சத்துருவாகக் கூடும் என்பது நமது அபிப்பிராயம். விலை ஏறும்போது ஓய்வின்றிக் கொழுந்து பறிக்கவும், வெளிச்சத்திற்காக நிழல் மரங்களை வெட்டவும் ஆசை எழுகிறது. இளஞ்செடியின் இலையை முதுமரத்தின் இலையென விற்கும் வஞ்சகமும் உடன் வளர்கிறது. அழுத்திய வில்லையைக் கண்டு மரத்தின் வயதை அறிதல் வாங்குவோர்க்கு அரிது. ஒருவன் செய்யும் பொய்யினால் அம்மலை முழுவதன் பெயரும் கெடும்.

ஏழை மலைக்குடிகளைப் பார்த்து, கிடைக்கும் பணத்தை விடுக என்று கூறுதல் நியாயமோ எனச் சிலர் வினவலாம். வினா தக்கதே. ஆனால் தோட்டச் செடி பட்டுப்போயின், சில ஆண்டுகளில் வேறொன்றை வளர்த்துக்கொள்ளலாம். முந்நூறு ஆண்டு மரம் பட்டுப்போயின், அதை ஈடுசெய்வார் எவருமிலர். சுமார் 800 ஆண்டு வயதெனக் கணக்கிடப்பட்ட நான்னுவோ மலையின் தேயிலை மரம் 1994-ஆம் ஆண்டில் இறந்தது. 1,700 ஆண்டு வயதெனக் கூறப்பட்ட பாதா மலையின் காட்டு மரம் 2012-ஆம் ஆண்டில் வீழ்ந்தது. முதுமையால் மரம் வீழ்தல் இயல்பு. பேராசையால் வீழ்தல் இயல்பன்று. மேலும், விதையினின்று வளர்ந்த இம்மரங்கள் ஒன்றுக்கொன்று குணத்தில் வேறுபட்டவை. நோய் தாங்கும் புதிய ரகங்களைத் தேடுவோர்க்கு இவை ஒரு களஞ்சியம்.

யுன்னான் மாகாணத்தில் முதுமரப் பாதுகாப்புச் சட்டம் 2023-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் அமலுக்கு வந்தது. சட்டம் அவசியமே, எனினும் ஒவ்வொரு மரத்தடியிலும் காவலரை நிறுத்த இயலாது. எத்தனை முறை பறிப்பது, எப்பருவத்தில் மரத்திற்கு ஓய்வளிப்பது, வெளியிலை உள்ளே வராமல் தடுப்பது எவ்வாறு என்பவற்றை ஊரார் கூடி முடிவு செய்து, தாமே காத்தல் வேண்டும். ஜிங்மாய் மலை இத்தனை காலம் நிலைத்ததற்கு, தேயிலையின் ஆதி முன்னோரை வணங்கும் பக்தியும், ஊர்க் கட்டுப்பாடுமே முக்கிய காரணங்கள்.

நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் இதனைச் சிந்தித்தல் நன்று. அரிய பொருளுக்குக் கிடைக்கும் உயர்ந்த விலை, அதை அதிகமாகப் பறித்ததற்குக் கூலியன்று. பறிக்காமல் விட்டுவைத்த முன்னோரின் பொறுமைக்குக் கிடைத்த கூலியாகும். அம்முதலைக் கரைத்து உண்பவன் வட்டியையும் இழப்பான்.