வன்னிக்கு ஒரு செவி போதாது

வெள்ளம் வருமுன் அணைகோல வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. அணை மட்டும் போதாது. அணைக்கட்டில் நிற்பவனின் குரல் கீழே வயலில் நிற்பவனுக்கு எட்டவும் வேண்டும். இதனை வன்னி மக்கள் 2018ஆம் ஆண்டு டிசெம்பரிற் கண்ணீரோடு கற்றனர். அம்மாதத்தின் தொடக்கத்திலேதான் கட்டு உயர்த்தப்பட்ட இரணைமடுக்குளம் விழாவெடுத்துக் கையளிக்கப்பட்டது. 21ஆம், 22ஆம் திகதிகளிற் பெருமழை கொட்டியது. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் நீரில் மிதந்தன. வான்கதவுகள் எந்நேரம் திறக்கப்பட்டன, யாருக்கு முன்னறிவித்தல் கொடுக்கப்பட்டது என்ற கேள்விகள் அதன் பின்னரே எழுந்தன.

2025ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் திகதி டித்வாப் புயல் இலங்கையைத் தாக்கியது. தீவெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பல இடங்களில் மின்சாரமும் தொலைபேசியும் ஒருங்கே அற்றுப்போயின. எச்சரிக்கைகள் தமிழில் உரிய வேளையிற் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடும் எழுந்தது. புயல் வன்னிக்குப் புதியதன்று. 1964ஆம் ஆண்டு டிசெம்பரில் தனுஷ்கோடியை அழித்த சூறாவளி வவுனியாவை ஊடறுத்தே அங்கு சென்றது. அறுபது ஆண்டுகள் கடந்தும் ஆபத்து வேளையில் நம் மக்கள் கேட்பது ஒரே கேள்விதான்: நாம் கூப்பிட்டால் யாருக்குக் கேட்கும்?

கைத்தொலைபேசி ஒவ்வொரு கமக்காரனின் மடியிலும் இருக்கின்றதே என்பர் சிலர். உண்மைதான். ஆயினும் கோபுரத்துக்கு மின்சாரம் நின்றால், அதன் மின்கலம் தாங்கும் வரையே அக்கருவிக்கு உயிர். எல்லோரும் ஒரே வேளையில் அழைத்தால் வழி அடைபடும். ஆகவேதான் பேரிடரை எதிர்கொள்ளும் நாடுகள் தீயணைப்போர்க்கும் மருத்துவ ஊர்திகளுக்கும் தனியான வானொலித் தொடர்பைப் பேணிவருகின்றன.

அத்தொடர்பில் ஒரு குறை உண்டு. உயர்ந்த கம்பத்திலிருந்து ஐம்பது வாற்று வலுவோடு பேசும் நிலையத்தின் குரல் காட்டைக் கடந்தும் கேட்கும். கையிலுள்ள சிறு கருவியின் வலுவோ ஐந்து வாற்று மட்டுமே. ஒட்டுசுட்டான் காட்டோரத்தில் நிற்பவனுக்கு நிலையம் பேசுவது கேட்கும். அவன் பேசுவது நிலையத்துக்குக் கேளாது. ஆள்வோர் பேச மக்கள் கேட்பதும், மக்கள் பேச ஆள்வோர் கேளாதிருப்பதும் நாம் அரசியலிற் கண்டு பழகிய காட்சியே. இயந்திரத்தில் இதற்கு மருந்து உண்டு.

அம்மருந்தே வானொலி வாக்கெடுப்புக் கருவி. பேசும் நிலையம் ஒன்றாகவே இருக்க, கேட்கும் செவிகளைப் பல இடங்களில் நாட்டுவார்கள். இரணைமடுவில் ஒன்று, மாங்குளத்தில் ஒன்று, முத்தையன்கட்டில் ஒன்று, முல்லைத்தீவுக் கரையில் ஒன்று, நெடுங்கேணியில் ஒன்று என வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு செவியும் தான் கேட்டதைக் குத்தகைத் தொலைபேசிக் கம்பி வழியாக நடுநிலையத்துக்கு அனுப்பும். அங்குள்ள ஒப்புநோக்குக் கருவி, எந்தக் குரலில் இரைச்சல் குறைவோ அதனைத் தெரிந்தெடுத்து யாவருக்கும் மீண்டும் ஒலிபரப்பும். பேசுபவன் வண்டியில் நகர நகர, தெரிவும் நொடிக்குள் மாறும். 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம், பிறர் சொல்லக் கேட்டவனை விடுத்து நேரிற் கேட்டவனையே சாட்சிக் கூண்டில் ஏற்றச் சொல்கின்றது. இக்கருவியின் நீதியும் அஃதே: அருகிலிருந்து தெளிவாகக் கேட்டவனின் சொல்லே செல்லும்.

இங்கே கம்பியின் கதையையும் சொல்லவேண்டும்; அமைப்பு வாழ்வதும் மடிவதும் கம்பியிலேதான். கம்பிகள் நீளத்தாலும் தன்மையாலும் வேறுபடும். அவற்றின் ஒலியளவைச் சமன்செய்யாவிடின் கருவி தவறான செவிக்கு வாக்களிக்கும். செவி சும்மா இருக்கும் வேளையிலும் கம்பியில் ஒரு மெல்லிய தொனி ஓடிக்கொண்டிருக்கும். அத்தொனி இருந்தால் கம்பி உயிரோடுள்ளது. பேச்சும் இன்றித் தொனியும் இன்றிப் போனால் கம்பி அறுந்தது என்று அறியலாம். மௌனத்துக்கும் மரணத்துக்கும் உள்ள வேறுபாட்டை அறிவிக்கும் ஏற்பாடு அது. இன்று செம்புக் கம்பியின் காலம் எங்கும் முடிந்துவருகின்றது. ஒளியிழையும் நுண்ணலையும் அதன் இடத்தைப் பிடிக்கின்றன. எது வந்தாலும் விதி ஒன்றுதான்: ஒரே பாதையை நம்பக்கூடாது. முல்லைத்தீவுக்கான இணைப்பு மாங்குளம் வீதியோடு மட்டும் சென்றால், அவ்வீதியில் ஒரு மதகு உடைந்ததும் செவி அடைபடும். பரந்தன் வழியாகவோ வானலை வழியாகவோ இரண்டாம் பாதை இருத்தல் வேண்டும்.

ஆகவே நாம் கோருவன நான்கு. முதலாவது, மூன்று மாவட்டங்களையும் தழுவிய இத்தகைய வலையமைப்பு ஒன்று நிறுவப்படல் வேண்டும். ஒவ்வொரு செவிக்கும் சூரிய ஒளி மின்கலமும் இரட்டைப் பாதையும் இருத்தல் வேண்டும். இரண்டாவது, கருவிகள் கச்சேரி அலுமாரியிற் பூட்டப்படாமல் நீர்ப்பாசன உத்தியோகத்தர், கிராம உத்தியோகத்தர், கமக்காரர் அமைப்புகள், கடற்றொழிலாளர் சங்கங்கள் ஆகியோரின் கைகளில் இருத்தல் வேண்டும். யானை ஊருள் நுழைந்த இரவிலும் இதே வழி பயன்படும். மூன்றாவது, நடுநிலையம் வன்னியிலேயே அமைந்து தமிழிற் பேசுதல் வேண்டும். நான்காவது, குத்தகைக் கட்டணமும் பராமரிப்புச் செலவும் ஆண்டுதோறும் ஒதுக்கப்படல் வேண்டும். திறப்பு விழா முடிந்ததும் துருப்பிடிக்கும் இயந்திரம் நமக்குத் தேவையில்லை.

வடக்கில் வானொலிக் கருவி என்றதும் பாதுகாப்பு எனும் சொல்லை எடுத்து வீசுவோர் உளர். போர்க்காலத்தில் இங்கு தொலைத்தொடர்பே துண்டிக்கப்பட்டிருந்தது. அப்போர் 2009இல் முடிந்தது. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டம் அலைவரிசைக்கு உரிமம் வழங்கும் முறையை வகுத்துள்ளது. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் மக்களைக் காக்கும் கடமையை அரசின்மீது சுமத்தியுள்ளது. உரிமம் பெற்றுப் பகிரங்கமாக இயங்கும் வலையமைப்பு யாருக்கும் அச்சம் தருவதன்று. நாம் கேட்பது சலுகையன்று. இவ்விரு சட்டங்களையும் வன்னியின் நன்மைக்கும் பயன்படுத்துக என்பதே.

இக்கோரிக்கையை முன்னின்று நிறைவேற்றவேண்டிய மாகாணசபை எங்கே? 2013இல் மக்கள் திரண்டு வாக்களித்துத் தெரிந்த சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. இரண்டே மாதத்தில் இரணைமடு வெள்ளம் வந்தபோது, பொறுப்புக் கேட்பதற்கு மக்களால் தெரிவுசெய்யப்பட்ட சபை ஒன்றிருக்கவில்லை. காட்டில் நாட்டிய கருவிக்குக்கூட வாக்குண்டு. அருகிலிருந்து கேட்பவனுக்கே முதலிடம் என்பது அதன் சட்டம். மனிதரின் ஆட்சிக்கும் அச்சட்டம் பொருந்தவேண்டாமா?

கமக்காரர்களே, கற்றோரே! காலபோக மழை ஆண்டுதோறும் வரும். அடுத்த மழைக்கு முன் உங்கள் கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் இதனைத் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். பொறியியலாளர்கள் இடங்களை அளந்து வரைபடம் தரட்டும். சட்டத்தரணிகளாகிய நாம் விண்ணப்பத்தை எழுதித் தருவோம். அதனை மாவட்டச் செயலகங்களிலும் நாடாளுமன்ற உறுப்பினர்களிடமும் கையளித்து, பதில் வரும்வரை கேட்டுக்கொண்டிருப்போம். கட்டிலிருந்து ஒருவன் கூவும்போது, வயலில் நிற்பவன் பிள்ளைகளோடு மேட்டுக்கு ஏறப் போதிய நேரம் கிடைக்கட்டும்.