காணியில்லார்க்கு வீடு

போரினால் வீடிழந்தோர்க்கு வீடு கட்டிக் கொடுத்தல் பேரறமே. ஆயினும் வீட்டை எண்ணி, அது நிற்கும் நிலத்தை மறந்த திட்டம் அரைத்திட்டமேயாம் என்பது நம் கருத்து.

2010இல் இந்திய அரசு அறிவித்த 50,000 வீட்டுத் திட்டத்திற் பெரும்பகுதி வடக்கு கிழக்கிற்கு உரியது. அங்கே வீட்டுக்குரியவரே நின்று கட்டுவித்தார்; வேலை வளர வளர 550,000 ரூபா தவணை முறையில் அவர் வங்கிக் கணக்கைச் சேர்ந்தது. நல்ல முறைதான். ஆனால் காணியில்லாதவர் அத்திவாரக் கல்லை எங்கே இடுவர்?

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து பெயர்ந்தோருட் பலர் மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் நலன்புரி முகாம்களிற் கால் நூற்றாண்டு கழித்தனர். அவருட் பிறர் வளவிற் குடியிருந்த கூலித் தொழிலாளரும் உளர். காணிகள் விடுவிக்கப்பட்டபோதும் திரும்பிச் செல்ல அவர்க்குச் சொந்தத் துண்டு இல்லை. (காணி ஏன் இல்லாதுபோயிற்று என்பதை விரித்தல் வேண்டா, நம் சாதி வழக்கை அறியாதார் நம்முள் எவர்?) கிணறும் பாடசாலையும் தொழிலும் அணித்தில்லாத தரவையில் அவரைக் குடியேற்றுதலும் தீர்வாகாது.

கொழும்பிலும் கனடாவிலும் இலண்டனிலும் வாழும் பழைய மாணவர் பலர்க்கு இங்கே பற்றை மண்டிய வளவுகள் உள. இரண்டு பரப்பு ஒரு குடும்பத்துக்குப் போதும். "இருந்துகொள்ளுங்கள்" என்னும் வாய்ச்சொல் போதாது. உரித்தாளர் எழுப்பினால் மீண்டும் தெருவே. நொத்தாரிசு முன் முடித்த நன்கொடை உறுதியே வேண்டும். பிரிபடாத பங்குடையோர் இப்பொழுதே உடன்பிறந்தார்க்கு எழுதிப் பங்கீட்டைத் தொடங்குவாராக.