பையன் செய்த வண்டி

1933-ம் ஆண்டு. அமெரிக்காவில் கடுமையான பணமுடை. எங்கு பார்த்தாலும் வேலை இல்லாத் திண்டாட்டம். பிள்ளைகளுக்குப் பொம்மை வாங்கக்கூடப் பல வீடுகளில் காசு இல்லை.

ஓஹியோ மாநிலத்தில் டேட்டன் என்று ஒரு நகரம். அங்கே மேடான ஒரு தெருவில் மூன்று பையன்கள் வண்டி விட்டு விளையாடிக்கொண்டு இருந்தார்கள். வண்டிக்கு எஞ்சின் கிடையாது. மேட்டில் இருந்து தள்ளிவிட்டால் சரிவில் தானாக ஓடும். அவர்களே செய்த வண்டிகள் அவை.

அந்தப் பக்கம் வந்த ஒருவர் நின்று பார்த்தார். அவர் பெயர் மைரன் ஸ்காட். உள்ளூர்ப் பத்திரிகையின் புகைப்படக்காரர். ஒரு வாரம் கழித்துச் சிநேகிதர்களோடு வந்தால், ஜெயிக்கிறவனுக்குக் கோப்பை தருவதாகச் சொன்னார். 19 பையன்கள் வந்து சேர்ந்தார்கள்!

அதே ஆண்டு ஆகஸ்டு 19-ந் தேதி பெரிய பந்தயம் நடந்தது. திரண்டு வந்த பிள்ளைகள் 362 பேர். அவர்கள் கொண்டுவந்த வண்டிகள் எதனால் ஆனவை? சோப்பு அடைத்து வந்த மரப்பெட்டி, ஆரஞ்சுப் பழப்பெட்டி, தகரத் துண்டு, குழந்தைத் தள்ளுவண்டியின் பழைய சக்கரம். எல்லாம் வேண்டாம் என்று ஒதுக்கிய சாமான்கள்!

இப்படிப் பிறந்ததுதான் "சோப்புப் பெட்டிப் பந்தயம்". 1935 முதல் ஆக்ரன் என்ற நகரில் நடக்கிறது. 1971-ல்தான் பெண்பிள்ளைகளுக்கு அனுமதி கிடைத்தது. 1975-ல் 11 வயதுச் சிறுமி ஒருத்தி முதல் பரிசைத் தட்டிக்கொண்டு போனாள்.

புல் வெட்டும் எஞ்சின்

எஞ்சின் வைத்த சிறு வண்டியின் கதையும் இதுபோன்றதுதான்.

1956-ம் ஆண்டு. லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் பந்தயக் கார் கட்டும் பட்டறையில் வேலை பார்த்தவர், ஆர்ட் இங்கெல்ஸ். தம் நண்பர் லூ பொரெல்லியைச் சேர்த்துக்கொண்டார். இரும்புக் குழாய்களைப் பற்றவைத்துச் சட்டம் செய்தார். புல் வெட்டும் எந்திரத்துக்காகச் செய்து, தேவைப்படாமல் தேங்கிக் கிடந்த எஞ்சின் ஒன்றைப் பொருத்தினார். அதன் சக்தி இரண்டரைக் குதிரை. அவ்வளவுதான்!

அந்தச் சின்ன வண்டிதான் உலகின் முதல் "கோ-கார்ட்". இன்று உலகம் எங்கும் அதற்குப் பந்தயத் திடல்கள் இருக்கின்றன. கார்ப் பந்தய வீரர்கள் பலர் முதலில் கை பழகியது அதில்தான்.

இங்கெல்ஸ் தொழில் தெரிந்தவர். தமக்காகச் செய்தார். பெரியவர்கள் தங்களுக்காக ஒன்றைச் செய்வது நல்லதுதான். ஆனால், பிள்ளையின் வேலையைப் பெரியவர் பிடுங்கிச் செய்தால் என்ன ஆகும்?

காந்தம் செய்த மோசம்

1973-ம் ஆண்டு சோப்புப் பெட்டிப் பந்தயத்தில் 14 வயதுப் பையன் ஒருவன் முதல் பரிசு பெற்றான். அவன் வண்டி புறப்பட்ட வேகத்தைக் கண்டு பலருக்கும் சந்தேகம் வந்தது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். வண்டியின் மூக்கில் மின்சாரக் காந்தம் ஒளிந்திருந்தது!

பந்தயம் தொடங்கும் இடத்தில் வண்டிகள் ஓர் இரும்புத் தகட்டில் முட்டி நிற்கும். தகடு முன்பக்கம் சாய்ந்ததும் ஓடத் தொடங்கும். காந்தம் வைத்த வண்டியைத் தகடே இழுத்துக் கொடுத்துவிட்டது.

இது யார் யோசனை? பையனின் உறவினர் ஒருவர், வசதி படைத்தவர், தாமே சொல்லிக் கொடுத்ததாகப் பிறகு ஒப்புக்கொண்டார். பரிசு பறிபோயிற்று. தலை குனிந்தது யார்? ஊர் அறிய அந்தப் பையன்தான்!

இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு மகன் கொண்டுபோகும் பொம்மை வீட்டை அப்பா செய்கிறார். மகள் வரைய வேண்டிய படத்தை அக்கா வரைகிறாள். காந்தம் இல்லை, மற்றபடி சங்கதி ஒன்றுதான். பரிசு கிடைக்கலாம். பிள்ளைக்குக் கை வேலை வருமா?

காயலான் கடைப் பள்ளிக்கூடம்

தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு வண்டி செய்ய யாரும் கற்றுத்தர வேண்டியது இல்லை. நுங்கு தின்ற கூந்தலைச் சக்கரமாக்கி வண்டி ஓட்டியவர்கள்தானே நம் பிள்ளைகள்! கொஞ்சம் வளர்ந்ததும் பேரிங் வண்டி. பட்டறையில் கழித்துப் போட்ட பேரிங் நாலு, ஒரு பலகை, இரண்டு மரச்சட்டம், ஒரு போல்ட், கொஞ்சம் கயிறு. இவ்வளவு இருந்தால் வண்டி தயார்.

பின்சட்டத்தைப் பலகையோடு சேர்த்து அடிக்க வேண்டும். முன்சட்டத்தை நடுவில் ஒரே போல்ட்டில் மாட்ட வேண்டும். அப்போதுதான் திரும்பும். சட்டத்தின் முனைகளை உருட்டிச் சீவிப் பேரிங்கை இறுக்க வேண்டும். முன்சட்டத்தின் இரு முனையிலும் கட்டிய கயிறுதான் ஸ்டீயரிங்.

முதல் நாள் வண்டி கவிழும். சட்டம் அளவுக்கு மீறித் திரும்பியதுதான் காரணம் என்று பையன் கண்டுபிடிப்பான். இரண்டு பக்கமும் கட்டை அடித்துத் தடுப்பான். பலகை தாழ இருந்தால் வண்டி எளிதில் சாயாது என்பதும் தெரிந்துவிடும். புத்தகத்தில் படித்தது மறந்து போகலாம். முழங்கால் சிராய்த்துப் படித்தது மறக்காது!

பிரேக் யார் பொறுப்பு?

"கை கால் உடைந்தால் என்ன செய்வது?" என்று தாய்மார்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. வண்டி செய்ய விடுவது என்றால், கண்டபடி விடுவது என்று பொருள் அல்ல.

பிரேக் இல்லாத வண்டியில் பிள்ளையை ஏற விடக்கூடாது. பக்கவாட்டில் ஒரு கட்டையை ஆட மாட்டி, அதன் அடியில் பழைய டயர்த் துண்டை அடிக்க வேண்டும். கட்டையை இழுத்தால் ரப்பர் தரையில் உரசும்; வண்டி நிற்கும். காலைத் தேய்த்து நிறுத்துவது ஆபத்து. வண்டி போகிற ரோட்டுக்குப் பிள்ளை போகக்கூடாது. சுவர் சூழ்ந்த மைதானம் போதும். சரிவின் முடிவில் கிணறோ, குளமோ, ரோடோ இருக்கக்கூடாது. எஞ்சின் வைக்கும் ஆசை வந்தால், அது தொழில் தெரிந்த பெரியவரோடு, தனித் திடலில்தான்.

இவற்றைப் பார்ப்பது தகப்பனார் வேலை. ஆணி அடிப்பதும், அளவு தப்பிப் பிரித்து மறுபடி அடிப்பதும் பிள்ளையின் வேலை. பக்கத்தில் நில்லுங்கள், சுத்தியலைப் பிடுங்காதீர்கள்!

கடையில் வாங்கிய வண்டி பளபளப்பாக இருக்கும். சக்கரம் கழன்றால் மூலைக்குப் போய்விடும். தானே செய்த வண்டியின் சக்கரம் கழன்றால், பிள்ளை சுத்தியலைத் தேடி எடுப்பான். அந்தப் பழக்கம் பிற்காலத்தில் அவனுக்குச் சோறு போடும்.