உங்கள் கேரக்டரை நீங்களே எழுதலாம். குலம் மட்டும் வேண்டாம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் பிள்ளைகள் முதலில் தேடுவது கேம்ஸ். அதில் தவறில்லை. ஆனால் கம்ப்யூட்டரில் விளையாடுவதோடு நிற்காமல், ஒரு விளையாட்டையே உருவாக்கிடவும் அதைப் பயன்படுத்தலாம் என்பது என் கருத்து. இதற்குப் புரோகிராமிங் தெரிய வேண்டியதில்லை. ஒரு வேர்ட் பிராசசரும் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டும் போதும். லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் இரண்டும் இலவசம்.

நான் சொல்வது ரோல் பிளேயிங் கேம் என்ற வகை. இதற்குத் திரை தேவையில்லை. மேஜையைச் சுற்றியோ திண்ணையிலோ நான்கைந்து பேர் உட்கார்ந்து ஆடுவார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டராக இருந்து, அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்று சொல்வார்கள். அது பலிக்குமா என்பதைப் பகடை முடிவு செய்யும். 1974ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகியோரின் உருவாக்கத்தில் வெளியான டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்த வகைக்கு வழி திறந்தது.

விதிகள் இலவசம்

இந்த விளையாட்டின் அடிப்படை விதிகளை, அதை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கொடுத்துவிட்டது. பழைய உரிமத்தை மாற்ற நிறுவனம் முயன்றபோது ஆட்டக்காரர்கள் காட்டிய எதிர்ப்பின் விளைவு அது. திருத்திய விதிகள் 2025 ஏப்ரலில் அதே உரிமத்தில் வந்தன. சிஸ்டம் ரெஃபரன்ஸ் டாகுமெண்ட் என்று தேடினால் பி.டி.எஃப். ஃபைலாகக் கிடைக்கும். அதை டவுன்லோட் செய்திடலாம், தமிழில் தரலாம், புதிய கேரக்டர் வகைகளைச் சேர்க்கலாம். மூலம் எது என்று உரிய முறையில் குறிப்பிட வேண்டும். விலைக்கு விற்கும் மற்ற புத்தகங்களுக்கு இந்த அனுமதி கிடையாது என்பதை மறந்துவிடாதீர்கள்.

அனுமதி கிடைத்த பிறகும் நாம் எல்ஃப், ட்வார்ஃப் என்றே ஆடிக்கொண்டிருக்க வேண்டுமா? நான் இருக்கும் உப்பிலியபுரத்தில் மேற்கே பார்த்தால் கொல்லிமலை. அதை ஆண்ட வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், காட்டுப்பன்றி எல்லாவற்றையும் வீழ்த்தி, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்ததாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். இதைவிடவா ஒரு கேரக்டர் வேண்டும்?

ஓரியின் அம்புக்கு ஒரு கணக்கு

ஆனால் கதையில் அழகாக இருப்பது விளையாட்டில் அப்படியே சரிப்படாது. ஓர் அம்பில் ஐந்து பேரும் விழுவார்கள் என்று எழுதினால், மற்ற ஆட்டக்காரர்கள் வேடிக்கை பார்ப்பதைத் தவிர வேறு வேலை இராது. இப்படி எழுதிப் பாருங்கள்: அம்பு பட்டால், நேர் பின்னால் நிற்கும் அடுத்த எதிரிக்கும் பகடை உருட்டலாம், ஒரு முறை தவறினால் அம்பு நின்றுவிடும்.

20 பக்கப் பகடையில் 8 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும் என்றால் வாய்ப்பு 65 சதவீதம். ஐந்து பேர் மீதும் தொடர்ந்து படும் வாய்ப்பு 11.6 சதவீதம்தான். ஆனாலும் சராசரியாக ஓர் அம்புக்கு 1.64 பேர் அடிபடுவார்கள். சாதாரண அம்புக்கு இது 0.65. ஏறக்குறைய இரண்டரை மடங்கு! எனவே ஒரு சண்டைக்கு ஒரு முறை மட்டும் என்று கட்டுப்பாடு வைத்திடுங்கள். ஸ்ப்ரெட்ஷீட்டில் ராண்ட்பிட்வீன் என்ற ஃபங்ஷனுக்கு 1, 20 என்ற எண்களைக் கொடுத்தால் அதுவே பகடை உருட்டும். ஆயிரம் வரிசைகளுக்குக் காப்பி செய்து சோதித்திடலாம்.

கம்ப்யூட்டர் சொல்லாத தவறு

கணக்கில் பிழை இருந்தால் ஸ்ப்ரெட்ஷீட் காட்டிக்கொடுக்கும். இன்னொரு பிழையை அது காட்டாது. 2014ஆம் ஆண்டு விதிகளில் கேரக்டரின் திறன் பிறப்போடு ஒட்டியிருந்தது. எல்ஃப் என்றால் சுறுசுறுப்பில் 2 புள்ளி கூடுதல்; நோம் என்றால் அறிவில் 2; அரை ஓர்க் என்றால் பலத்தில் 2. இதைப் பார்த்து நாமும் 'மலைவாசி: பலம் 2 கூடுதல், அறிவு 1 குறைவு' என்று எழுதிட அரை நிமிடம் போதும். பச்சைமலையிலிருந்து இறங்கி வந்து படிக்கும் ஒரு மாணவி அந்த மேஜையில் உட்கார்ந்தால் அவளுக்கு அந்தத் தாள் என்ன சொல்லும்?

கற்பனைதானே, இதில் என்ன இருக்கிறது என்பார்கள் சிலர். கற்பனை என்பதால்தான் கேட்கிறேன். எந்த விதியையும் வைத்துக்கொள்ளும் சுதந்திரம் இருக்கும்போது, பிறப்பால் அறிவு என்ற விதியையா தேடி எடுக்க வேண்டும்? நிறுவனமே 2024ஆம் ஆண்டுப் புத்தகத்தில் இந்தப் புள்ளிகளைப் பிறப்பிலிருந்து எடுத்து, கேரக்டரின் பின்னணிக்கு, அதாவது முன்பு செய்த வேலைக்கு மாற்றிவிட்டது.

நம் ஊரில் இதிலும் ஒரு கவனம் தேவை. தொழில் என்றாலே குலத்தொழில் என்று எழுதிவிடும் பழக்கம் நமக்கு உண்டு. 1953ல் வந்த கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று எதிர்த்து, அடுத்த ஆண்டே கைவிட வைத்த மாநிலம் இது. அதனால் கேரக்டர் தாளில் 'யாருக்குப் பிறந்தார்' என்ற கட்டம் வேண்டாம். 'யாரிடம் கற்றார்' என்ற கட்டம் போடுங்கள்.

புதிய விதிப்படி ஒரு பின்னணிக்கு மூன்று திறன்கள், இரண்டு பயிற்சிகள், ஒரு கருவி, ஒரு சிறப்பு ஆற்றல், கொஞ்சம் பொருள்கள் தேவை. உதாரணமாகத் தேன் எடுப்பவர்: சுறுசுறுப்பு, உடல் உறுதி, நுண்ணறிவு, ஏறுவதிலும் காட்டில் வழி அறிவதிலும் பயிற்சி, மூலிகைப் பை, காயத்துக்கு மருந்து கட்டும் ஆற்றல், கயிறும் குடுவையும். மலையில் பிறந்தவரும் எடுக்கலாம், ஸ்ரீரங்கத்தில் பிறந்தவரும் எடுக்கலாம். கற்றிருந்தால் போதும்.

எழுதி முடித்ததும் ஃபைலை சேவ் செய்து, ஒரு தாளில் பிரிண்ட் எடுத்திடுங்கள். பிள்ளைகளோடு மூன்று முறை ஆடிப் பாருங்கள். எந்தக் கேரக்டரை யாருமே எடுக்கத் தயங்குகிறார்களோ, அதைத் திருத்தி எழுதுங்கள்.