மரைக்குப் பஞ்சாங்கம் ஏது?

வடதுருவத்தை அடுத்த நாடுகளில் பனிவண்டி இழுக்கும் பனிமானைப் படத்திலேனும் காணாத மாணவர் அரியர். அதன் கன்று வளரும் விதம் விந்தையானது. கோடை முழுவதும் மளமளவென்று வளரும் கன்று, மாரி வந்ததும் வளர்ச்சியை ஏறக்குறைய நிறுத்திவிடுகின்றது. கொட்டிலிற் கட்டித் தாராளமாகத் தீனி வைத்தாலும் அது குறைவாகவே உண்ணும். பகலின் நீளமே இதற்கு முதன்மையான காரணம். இருளிற் சுரக்கும் மெலற்றோனின் என்னும் ஓமோன் உடலுக்குப் பருவத்தை அறிவிக்கின்றது. பகல் நீளத் தொடங்கியதும், இன்சுலினை ஒத்த வளர்ச்சிக் காரணியொன்று இரத்தத்தில் உயர, எலும்பும் தசையும் மீண்டும் வளர்கின்றன.

இனி நம் சப்பிரகமுவைக்கு வருவோம். இரத்தினபுரியில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேற்றுமை ஏறத்தாழ முக்கால் மணி நேரமே. சிவனொளிபாத மலைக் காட்டிலும், பெலிஹுல் ஓயாவுக்கு மேலேயுள்ள ஹோர்ட்டன் சமவெளியிலும் திரியும் மரை, இவ்வளவு மங்கிய கடிகாரத்தைப் பார்த்து எவ்வாறு காலம் கணிக்கும்? (வெள்ளைக்காரத் துரைமார் மரையை ‘எல்க்’ என்றே அழைத்தனர். வடநாட்டு எல்க் வேறு இனம். பெயர் வந்ததேயன்றி அதன் பருவம் கூடவரவில்லை.)

மான்கொம்பின் கதையைக் கேளுங்கள். ஆண் ஓமோன் தாழ்ந்திருக்கையில், மென்மயிர்த் தோல் போர்த்த, குருதியோடும் இளங்கொம்பு வளரும். ஓமோன் உயர்ந்ததும் கொம்பு இறுகித் தோல் உரியும். மீண்டும் தாழ்ந்ததும் கொம்பு உதிர்ந்துவிடும். பனிமான்களில் வயதொத்த கலைகளெல்லாம் ஏறக்குறைய ஒரே காலத்தில் கொம்பு உதிர்க்கும். நம் மரைகளிலோ, ஒன்று முற்றிய கொம்புடன் நிற்க, அயலிலே இன்னொன்று மொட்டைத் தலையுடன் மேயும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பஞ்சாங்கம்! கன்றுகளும் ஆண்டின் பல மாதங்களிற் பிறக்கின்றன. ‘மான் வசந்தத்திற் கன்று ஈனும்’ என்று பிறதேச நூலைப் படித்து அப்படியே எழுதும் மாணவர், தம் தோட்டத்துக்கு மேலுள்ள காட்டையும் ஒருமுறை நோக்குதல் நன்று.

தோட்டத்து ஓரங்களிற் காட்டுப்பன்றிக்கென்று கட்டும் கம்பிச் சுருக்கில் மரையும் அகப்படுவதுண்டு. சிறுத்தையும் அகப்பட்டு மாண்டிருக்கின்றது. மரை சட்டத்தாற் காக்கப்பட்ட விலங்கு. ஆயினும், ‘கன்று ஈனும் காலம் கழிந்தபின் கட்டினால் என்ன?’ என்று கேட்பாருளர். எந்தக் காலம் கழிந்தபின்? பிணை எட்டு மாதமளவு சுமந்து, பெரும்பாலும் ஒரே கன்றை ஈனுகின்றது. அக்கன்று இரண்டு ஆண்டுவரையும் தாயின் பின்னே திரியும். ஆடியிற் கட்டினாலும் மார்கழியிற் கட்டினாலும், சுருக்கில் வீழும் பிணை வயிற்றிலோ பின்னாலோ ஒரு கன்றுடன்தான் பெரும்பாலும் வருகின்றது.