பொது நன்மைத் தொழில் நிலைபெறும் வழி

பொது நன்மையைக் கருதித் தொழில் தொடங்குவோருக்குத் தியாகம் ஒன்றே போதும் என்று பலர் எண்ணுகின்றனர். தியாகம் தொழிலைத் தொடங்கி வைக்கும். அதனை நிலைநிறுத்த வேறு குணங்களும் வேண்டும். அந்நாளில் பம்பாய் மாகாணத்தில் அடங்கியிருந்த கெய்ரா ஜில்லாவின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

அந்த ஜில்லாவின் குடியானவர்கள் கறந்த பால் பம்பாய் நகருக்குச் சென்றது. விலையை நிர்ணயித்தவர்களோ வியாபாரிகள். பால் விரைவில் கெடும் பண்டமாகையால், கிடைத்த விலைக்கு விற்பதன்றி வேறு வழியில்லை. 1946-ஆம் ஆண்டு ஜனவரியில் அவர்கள் சமர்க்கா கிராமத்தில் கூடி, இனித் தங்கள் சங்கத்தின் மூலமன்றிப் பால் விற்பதில்லை எனத் தீர்மானித்தனர். 15 நாட்கள் விற்பனை நின்றது. அந்நஷ்டத்தைத் தாங்கியவர்கள் ஓரிரு எருமைகளே வைத்திருந்த சிறு குடிகளாவர். சர்தார் வல்லபாய் படேலின் யோசனைப்படி அவர்களை ஒன்று சேர்த்தவர் திரிபுவன்தாஸ் படேல். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்ற அவர், ஊர் ஊராகச் சென்று சங்கங்களை அமைத்தார். அவ்வாண்டு டிசம்பரில் ஜில்லாச் சங்கம் பதிவாயிற்று.

சென்னை லயோலா கல்லூரியிலும் கிண்டிப் பொறியியற் கல்லூரியிலும் பயின்ற வர்கீஸ் குரியன், 1949-ல் ஆனந்த் நகரிலிருந்த அரசாங்கப் பால் நிலையத்திற்கு அனுப்பப்பட்டார். அரசாங்க உதவியால் அமெரிக்காவில் படித்ததற்கு ஈடான கட்டாயப் பணி அது. விடுபடும் நாளையே அவர் எதிர்நோக்கியிருந்தார். எனினும், சங்கத்தின் பழைய இயந்திரங்களைச் சீர்செய்து உதவிய அவரைத் தங்கும்படி திரிபுவன்தாஸ் வேண்டவே, அங்கேயே தங்கினார்.

பின்னும் இடர் தீரவில்லை. குளிர்காலத்தில் பால் பெருகியபோது அவ்வளவையும் பம்பாய் ஏற்கவில்லை. எருமைப் பாலைப் பொடியாக்குதல் இயலாது என்று மேல்நாட்டு நிபுணர்கள் கூறினர். அது இயலும் எனப் பால் தொழில் நிபுணர் எச். எம். தலாயா செய்து காட்டினார். 1955-ல் ஆனந்தில் பால் பவுடர் தொழிற்சாலை திறக்கப்பட்டது.

இதில் கருதத்தக்கது யாதெனில், திரிபுவன்தாஸுக்கு இயந்திர நுட்பம் தெரியாது. குரியனுக்கோ ஊராரின் நம்பிக்கை தொடக்கத்தில் இல்லை. ஒருவர் குறையை மற்றவர் நிரப்பினார். தலைவர் ஜனங்களின் நம்பிக்கையைக் காத்து, நிர்வாகத்தை அறிந்தவரிடம் விட்டார். பாலின் கொழுப்பைச் சோதித்து, அதற்கேற்பக் கிரயம் அளிக்கப்பட்டது. சங்கமோ எவரது தர்மமுமன்று. பால் ஊற்றியவர்களின் சொத்து.

ஒருவருடைய தியாகத்தை மட்டும் நம்பிய சங்கம், அவர் சோர்ந்த நாளில் தானும் சோரும். ஆகையால், கிராம நன்மைக்கு உழைக்க முன்வரும் இளைஞர் முதலில் இரண்டு கேள்விகளுக்கு விடை காண்பாராக: தாம் அறியாததை அறிந்தவர் எவர்? தாம் விலகிய பின் இத்தொழில் எவருடையது?